மடுவத்து வாசலில் எழுதியது

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொண்டதால் ஆயம்மா, அவ்வளவுதான். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க ஓடும் தாய்மார், கைக்குழந்தைகளை அவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கொழுந்து எடுக்க மலையேறுவார்கள். பத்து மணி வாக்கில் பால் கொடுக்க ஒரு தடவை இறங்கி வருவார்கள். என் மகனும் அந்த மடுவத்துத் தொட்டிலில் தூங்கி வளர்ந்தவன்தான். ஆனால் நான் சொல்ல வந்தது ஆயம்மாவின் தாலாட்டைப் பற்றி அல்ல. தாலாட்டுப் பாட அவருக்குக் குரலும் கிடையாது. அவருக்கு வேறொரு குணம் இருந்தது. எழுத்து என்று எதைக் கண்டாலும், அது என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார். சிலருக்குக் குழாய் சொட்டினால் பொறுக்காது, சிலருக்குக் கதவு ஆடினால் பொறுக்காது. ஆயம்மாவுக்கு அர்த்தம் தெரியாத எழுத்துப் பொறுக்காது.

தெமோதரை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நான் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஃபோனுக்கு ரீலோட், போட்டோ கொப்பி, பிள்ளைகளுக்குக் கொப்பி பென்சில். லெபனானில் வீட்டு வேலை செய்து கொண்டுவந்த காசில் வைத்த கடை. அங்கிருந்து காசோடு கொஞ்சம் ஆங்கிலமும் கொண்டுவந்தேன். காசு தீர்ந்துவிட்டது, ஆங்கிலம் மிச்சமிருக்கிறது. அந்த ஆங்கிலத்துக்கு ஆயம்மாதான் பெரிய வாடிக்கை. கடையில் நாலு பேர் நின்றாலும் விலக்கிக்கொண்டு வந்து, மடியிலிருந்து எதையாவது எடுத்து மேசையில் வைப்பார். காலி பிஸ்கட் பெட்டி. இருமல் மருந்துப் போத்தல். யாரோ வீசிவிட்டுப் போன பிளாஸ்டிக் பை.

"இந்தாம்மா, இதுல என்னா எழுதியிருக்கு?"

"ஆயம்மா, இது வெறும் பை. கடையோட பேருதான் போட்டிருக்கு."

"கீழ பொடி எழுத்துல?"

"குழந்தைங்க தலையில மாட்டக்கூடாதுன்னு போட்டிருக்கு."

"பாத்தியா. வெறும் பைங்கிற."

தமிழைக் கடகடவென்று வாசிப்பார். சிங்களத்தை எழுத்துக் கூட்டி, வாயை அசைத்து அசைத்து ஒருவழியாகப் பிடித்துவிடுவார். ஆங்கிலமும் மற்ற பாஷைகளும்தான் அவருக்கு வேலியாக நின்றன. தெரியாததைப் பற்றி அவருக்குத் துளி வெட்கம் கிடையாது. கேட்பார். சொல்லாவிட்டால் திரும்பவும் கேட்பார். பதில் சொல்லத் தெரியாதவர்கள்தான் நெளிய வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குச் சாமான் எடுக்கப் போனபோது அவரும் என்னோடு வந்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடைபாதையில் டீசேர்ட்டுகளைக் குவித்துப் போட்டு விற்பார்களே, அங்கே நின்றுவிட்டார். பேரனுக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று. ஒவ்வொன்றாக விரித்து, நெஞ்சில் எழுதியிருப்பதைக் கடைக்கார நானாவிடம் காட்டி அர்த்தம் கேட்டார். நானா பொறுமையான மனுஷன். முதல் நாலைந்துக்குத் தெரிந்தமாதிரி ஏதோ சொல்லிப் பார்த்தார், அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டார். நான் வாசித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒன்றில், 'என் பக்கத்தில் நிற்பவர் முட்டாள்' என்று ஆங்கிலத்தில் போட்டு, ஓர் அம்புக்குறியும் இருந்தது.

ஆயம்மா அதைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இது மருமகனுக்கு வேணாம். மகளுக்கு எடுப்பம்" என்றார்.

ரயிலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ரயிலில் வெள்ளைக்காரர்கள் வாசலில் தொங்கிக்கொண்டு வருவது வழக்கம். இன்னொரு நாள் ஹாலிஎலயிலிருந்து திரும்பும்போது, எதிர் சீட்டில் இருந்த ஒரு பையனின் கையில் சீன எழுத்து மாதிரி நீளமாகப் பச்சை குத்தியிருந்தது. ஆயம்மா என் விலாவில் இடித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, தனக்கும் தெரியாது, பார்க்க அழகாக இருந்தது, அதனால் குத்திக்கொண்டேன் என்றான். நான் தமிழில் சொன்னதும் ஆயம்மாவின் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. துக்க வீட்டில் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தார். இறங்கும்போது தன் பையிலிருந்த கொய்யாப்பழத்தில் ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார்.

கோயிலையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவர் வேதக்காரர், அதாவது கத்தோலிக்கர். ஞாயிறு பூசைக்குப் போகும் கோயிலின் சுவரில், வெள்ளைக்காரத் துரைமார் காலத்துக் கல் ஒன்று பதித்திருக்கிறது. அதில் லத்தீனில் ஏதோ எழுதியிருக்கிறது. புதிதாக வரும் ஒவ்வொரு ஃபாதரிடமும் அதற்கு அர்த்தம் கேட்பார். ஒரு ஃபாதர் சலித்துப்போய், "அது பழைய காலத்து எழுத்தும்மா, விடுங்க" என்றாராம். "பழசாப் போனா அர்த்தம் இல்லாமப் போயிருமா ஃபாதர்?" என்று ஆயம்மா கேட்டிருக்கிறார். அடுத்த வாரமே ஃபாதர் அதைத் தமிழில் எழுதிக் கல்லுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். யாரோ ஒரு துரையின் மனைவி காய்ச்சலில் இறந்ததைப் பற்றிய கல். ஆயம்மா அன்றைக்கு அந்த அம்மாவுக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றினார்.

இதெல்லாம் சும்மா ஒரு கிறுக்கு என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் கடையில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது அவராகவே சொன்னார். அவருக்குப் பத்து வயது இருக்கும்போது நடந்தது. தோட்டத்துத் திருவிழாவுக்கு அவருடைய அப்பா ஒரு டீசேர்ட் போட்டுக்கொண்டு போனார். யாரோ கொடுத்தது, நல்ல சிவப்பு, நெஞ்சில் பெரிதாக ஆங்கில எழுத்து. பக்கத்து ரயில் பாலத்தைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் சிலர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவரை நிறுத்திப் படம் எடுத்தார்கள். அப்பாவும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திச் சிரித்துக்கொண்டு நின்றார். வரிசையாகப் பத்துப் பேர் எடுத்தார்கள்.

"அதுல என்னா எழுதியிருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதும்மா. நல்லதாவும் இருக்கலாம். ஆனா எங்கப்பாவுக்குத் தெரியல பாரு. அவரு நெஞ்சு மேல இருந்தது, அவருக்கே தெரியல."

மழை விட்டதும் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் எதைக் கொண்டுவந்து கேட்டாலும் நான் முகம் சுளிக்கவில்லை.

இனி மடுவத்து வாசல் பலகை விஷயத்துக்கு வருகிறேன். அதற்காக அவர் என்ன கொடுத்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருந்த வேலையைக் கொடுத்தார். அந்த வருடம் அவருக்கு வயது எல்லை முடிகிறது. இன்னும் இரண்டு மூன்று வருடம் நீடித்துக் கொடுப்பது தோட்டத்தின் நலன்களைக் கவனிக்கும் அதிகாரியின் கையில் இருந்தது. அவரை நாங்கள் வெல்ஃபெயார் ஐயா என்போம். ஆயம்மாவுக்கு அந்த நீடிப்புக் கிடைக்கவில்லை. கிடைக்காது என்று தெரிந்தேதான் செய்தார். இப்போது மகளோடு கண்டிப் பக்கம் இருக்கிறார் என்று கேள்வி.

எங்கள் மடுவத்தின் கூரை மோசமான கூரை. மழை பெய்தால் தொட்டில்களை ஒவ்வொரு மூலையாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நோர்வே நாட்டில் ஏதோ ஒரு தேவாலயத்துச் சங்கம் பணம் அனுப்பி, புதுத் தகரம் போட்டு, தண்ணீர்த் தாங்கி வைத்து, குளிக்கும் அறையும் கட்டிக் கொடுத்தது. தாய்மார் எல்லோருக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். ஆயம்மாவுக்கும்தான். முதல் மழையில் மடுவத்து நடுவில் நின்று மேலே பார்த்துப் பார்த்துச் சிரித்தாராம்.

திறப்பு விழாவுக்கு அங்கிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் ஒரு பலகை வந்தது. வார்னிஷ் பூசிய நல்ல மரம், எழுத்துகளைச் செதுக்கியிருந்தார்கள். வாசலுக்கு மேலே மாட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெல்ஃபெயார் ஐயா ஆணியும் சுத்தியலுமாக ஆளோடு வந்தார். ஆயம்மா வாசலில் நின்றுகொண்டார்.

"ஐயா, இதுல என்னா எழுதியிருக்கு?"

"அது நோர்வே பாஷை ஆயம்மா. நமக்கு எங்க தெரியும்? ஏதாவது வாழ்த்தா இருக்கும்."

"ஏதாவதுன்னா?"

"நல்லதாத்தான் எழுதியிருப்பாங்க. கூரை போட்டுக் குடுத்தவங்க கெட்டதா எழுதுவாங்களா?"

"அப்பக் கேட்டுச் சொல்லுங்க ஐயா. தெரிஞ்ச பொறகு மாட்டுவம். புள்ளைங்க தெனம் அதுக்குக் கீழதானே போகும் வரும்."

கேட்டால் நம்மை என்ன நினைப்பார்கள் என்று ஐயாவுக்குக் கூச்சம். அவர் கெட்ட மனுஷர் இல்லை. மேலிடத்துக்கும் பயந்து, வெள்ளைக்காரருக்கும் பயந்து, எல்லோருக்கும் சிரித்துச் சமாளிப்பவர். பலகையை உள்ளே சாய்த்துவைத்துவிட்டு, விழாவுக்கு முதல்நாள் மாட்டலாம் என்று போய்விட்டார். அவர் போனதும் ஆயம்மா எனக்கு ஆள் அனுப்பினார். நான் கடையைப் பூட்டிவிட்டு த்ரீவீலில் போய் இறங்கினேன்.

ஆறு சொற்கள். ஓர் எழுத்தின் தலையில் சின்ன வட்டம் இருந்தது. அப்படி ஓர் எழுத்து என் ஃபோனில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. படம் எடுத்து, மொழிபெயர்க்கும் ஆப்பில் போட்டேன். 'சிறியவைகளுக்கு எதுவும் இல்லை' என்று வந்தது.

"சின்னதுகளுக்கு ஒன்னும் இல்லன்னு சொல்றதுக்கா இம்புட்டுத் தூரம் பலகை தூக்கிட்டு வர்றாங்க?" என்றார் ஆயம்மா. "இது ஆளு சொன்னதா, மெஷின் சொன்னதா?"

"மெஷின்."

"ஆளுக்கிட்டக் கேளு."

ஆளுக்கு எங்கே போவது? தெமோதரையில் நோர்வே பாஷை தெரிந்தவர் யார்? அப்போதுதான் லெபனான் நாட்கள் ஞாபகம் வந்தது. தெரியாத பாஷையில் இருப்பதைப் படம் எடுத்துப் போட்டால், உலகத்தில் எங்கோ இருக்கும் யாராவது ஆங்கிலத்தில் அர்த்தம் சொல்லும் ஒரு குழு இணையத்தில் இருக்கிறது. முதலாளியம்மா வீட்டு வாஷிங் மெஷினின் அரபு எழுத்தை நான் அங்கேதான் போட்டுக் கேட்பேன். சம்பளமோ நன்றியோ எதிர்பார்க்காமல், நாள் முழுக்க அடுத்தவன் எழுத்துக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்கும் மனுஷர்கள். அங்கே பலகையின் படத்தைப் போட்டு, 'இது என்ன சொல்கிறது? தயவுசெய்து ஆட்களே சொல்லுங்கள்' என்று எழுதினேன்.

தொட்டிலில் ஒரு குழந்தை அழுது, ஆயம்மா எழுந்து போய் ஆட்டிவிட்டு வருவதற்குள் பதில் வந்துவிட்டது. ஒரு பெண். 'ஒன்றுமே இல்லாத சிறுவர்களுக்கு' என்று எழுதியிருந்தாள். அப்புறம் ஓர் ஆண் வந்து, இது டேனிஷ் மொழியாகவும் இருக்கலாம் என்றான். இல்லை, நோர்வேதான் என்று அவள் சொன்னாள். மூன்றாவதாக ஒருவர் வந்து இருவரையும் திட்டினார். ஆனால் அர்த்தத்தில் மூன்று பேரும் ஒத்துப்போனார்கள்.

"அவங்களுக்குள்ளயே சண்டையா?" என்றார் ஆயம்மா. "சண்டை போட்டும் ஒரே அர்த்தம் சொல்றாங்கன்னா அதுதான் சரி." பிறகு தொட்டில் பக்கம் திரும்பினார். "ஒன்னுமே இல்லாத" என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "இன்னும் ஒன்னு கேளு. இத நல்ல மனசோட சொல்றாங்களா, கேவலமாச் சொல்றாங்களா?"

கேட்டேன். அந்தப் பெண் நீளமாக எழுதினாள். இது பழைய காலத்துத் தர்மப் பெட்டிகளில் எழுதும் மாதிரியான வாசகம், அன்போடுதான் எழுதியிருப்பார்கள், தவறாக நினைக்க வேண்டாம் என்றாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அன்பாகத்தானே சொல்கிறார்கள், விட்டுவிடலாமே என்றேன்.

"கேவலமாச் சொல்லியிருந்தா ஒரு ஏச்சு ஏசிட்டு விட்ருவேன்" என்றார் ஆயம்மா. "நல்ல மனசோட சொல்றவங்களுக்குத்தான் பதில் சொல்லணும். அவங்க நெசமாவே அப்படி நெனைக்கிறாங்கல்ல."

மறுநாள் ஐயாவிடம் அர்த்தத்தைச் சொன்னார். ஐயாவின் முகம் சுருங்கியது உண்மைதான். ஆனால் உடனே சமாளித்துக்கொண்டார். இங்கே யாருக்குப் புரியப்போகிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

"சரிங்க ஐயா. அப்ப அதையே தமிழ்ல கீழ எழுதிருவம். எல்லாரும் படிக்கட்டும். படிச்ச பொறகும் இருக்கலாம்னா இருக்கட்டும்."

"அப்படி எழுத முடியாது ஆயம்மா."

"ஏன் ஐயா?"

பதில் இல்லாதபோது அதிகாரிகள் எதை எடுப்பார்களோ அதை ஐயாவும் எடுத்தார். நீடிப்பு விஷயம் தன் மேசையில்தான் இருக்கிறது, யோசித்து நடந்துகொள்ளுங்கள் என்றார். ஆயம்மா, "யோசிச்சுத்தான் பேசுறேன் ஐயா" என்று சொல்லிவிட்டு, அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்குப் பத்து மணிக்குப் பால் கொடுக்க வந்த தாய்மாரிடம் விஷயத்தைச் சொன்னார். நானும் இருந்தேன். இடுப்பில் கட்டிய ஈரச் சாக்குப் படங்கோடு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பிள்ளைகளை மடியில் போட்டிருந்தார்கள். எல்லோரும் உடனே கொதித்து எழுந்தார்கள் என்று சொன்னால் அது பொய். சரோஜா என்று ஒருத்தி, வாயில் கத்தி வைத்திருப்பவள், ஆயம்மா மேலேதான் பாய்ந்தாள்.

"என்னாத்தையோ எழுதிட்டுப் போறாங்க. எம்புள்ள நனையாமத் தூங்குது. நீங்க எதையாவது கெளப்பி, குடுத்ததையும் புடுங்கிட்டுப் போகப்போறாங்க ஆயம்மா."

"போட்ட தகரத்தக் கழட்டிட்டா போவாங்க?"

"அடுத்து ஏதாவது குடுக்க இருந்தாலும் குடுக்கமாட்டாங்க."

அதுவும் நியாயம்தான். எனக்கும் அதே பயம் இருந்தது. ஆயம்மா கோபப்படவில்லை. அவள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தார்.

"நான் பலகையக் கழட்டச் சொல்லலடி. அவங்க குடுத்த மரம், அவங்க எழுத்து, இருக்கட்டும். ஒன்னே ஒன்னுதான் கேக்குறேன். இந்தப் புள்ளைங்களுக்கு ஒன்னும் இல்லங்கிறாங்க. இருக்கா, இல்லையா?"

முதலில் கிண்டல்தான். மூக்கு நிறையச் சளி இருக்கு என்றாள் ஒருத்தி. தலை நிறையப் பேன் இருக்கு என்றாள் இன்னொருத்தி. எம்புள்ளைக்கு ஒரு குடிகார அப்பன் இருக்கான், அதை எழுதுங்க என்று ஒருத்தி சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். சரோஜா மட்டும் சிரிக்கவில்லை. செங்குத்தான மலையிலிருந்து ஓடி வந்த மூச்சு அவளுக்கு இன்னும் அடங்கியிருக்கவில்லை. பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே எரிச்சலோடு சொன்னாள்.

"ஒன்னும் இல்லாமயா? அப்ப நாங்க யாரு? நாங்க இருக்கோம்ல."

ஆயம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதக் கேளு" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. நான் அந்தக் குழுவில் திரும்பவும் எழுதினேன். இந்தத் தடவை படம் இல்லை. 'அவர்களுக்கு நாங்கள் இருக்கிறோம் என்பதை உங்கள் மொழியில் எப்படி எழுதுவது? குழந்தைகளைப் பற்றித் தாய்மார் சொல்வது' என்று கேட்டேன். முதல் நாள் பதில் சொன்ன அதே பெண் வந்தாள். அந்தப் பலகைக்காகவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு மூன்றே சொற்களை அனுப்பினாள். டி ஹார் ஓஸ். எழுத்து விளங்கும்படி ஒரு தாளில் பெரிதாகத் தன் கையால் எழுதி, அதையும் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ஆயம்மா இன்னொருவரும் அதையே சொல்லட்டும் என்றார். டேனிஷ் என்று சண்டை போட்ட ஆள் வந்து, சரியாக இருக்கிறது என்றான். தன் மொழியிலும் அது ஏறக்குறைய அப்படித்தான் என்றும் மறக்காமல் சொன்னான்.

விழாவுக்கு முதல்நாள் ஐயா நின்று பலகையை மாட்டினார். ஆயம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உதவி செய்தார். மறுநாள் காலை, தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டு மலைக்குப் போனதும், கதவுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்டை எடுத்துக்கொண்டு அதே ஸ்டூலில் ஏறினார். நான் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். பலகைக்கும் வாசல் நிலைக்கும் நடுவில் இருந்த வெள்ளைச் சுவரில் அந்த மூன்று சொற்களையும் எழுதினார். வாழ்க்கையில் ஆங்கில எழுத்து எழுதிப் பழகாத கை. பூனையின் படம் வரைவது மாதிரி ஒவ்வொரு வளைவாகப் பார்த்துப் பார்த்து இழுத்தார். கோணலாகத்தான் வந்தது. ஆனால் பெரிதாக, பலகையின் எழுத்தைவிடப் பெரிதாக வந்தது.

விருந்தாளிகளுக்குக் கொஞ்சம் முன்னால் வந்த ஐயா அதைப் பார்த்துவிட்டார். வியர்த்துவிட்டது அவருக்கு.

"என்னா ஆயம்மா இது? என்னா எழுதியிருக்கீங்க? அர்த்தம் என்ன?"

"நோர்வே பாஷைங்க ஐயா. நல்லதாத்தான் எழுதியிருக்கு."

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாத நேரம்தான், அடக்க முடியவில்லை. சுண்ணாம்பு கொண்டுவா என்று ஐயா ஆளை விரட்டினார். அதற்குள் வான் மேடேறி வந்துவிட்டது.

வந்தவர்கள் இரண்டே பேர். உயரமான, வயதான ஓர் அம்மா. கமரா வைத்திருந்த ஓர் இளைஞன். அந்த அம்மா எல்லோருக்கும் கைகூப்பி வணக்கம் வைத்தார். வாசலுக்கு வந்து பலகையை அண்ணாந்து பார்த்தபோது அவர் கண் கலங்கியது. பார்வை கொஞ்சம் கீழே இறங்கியது. உதடு அசைந்தது. திரும்பவும் வாசித்தார். பக்கத்தில் நின்ற இளைஞனின் முகத்தைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

யார் எழுதியது என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஐயா வாயைத் திறப்பதற்குள் ஆயம்மா என் கையைப் பிடித்தார்.

"நீ சொல்லு. ஐயா சொன்னா ஐயாவுக்கு வேண்டியதத்தான் சொல்லுவாரு. இங்க வர்ற தாய்மாரு சொல்லி, நான் எழுதுனேன்னு சொல்லு. மேல எழுதியிருக்கிறது எங்களுக்குத் தெரியும்னும் சொல்லு."

சொன்னேன். அந்த அம்மாவின் முகம் செக்கச் சிவந்துபோனது. இறந்துபோன தன் கணவர் செதுக்கிய பலகை அது, அவர் மிகவும் அன்பானவர், ஒரு நாளும் யாரையும் தாழ்வாக நினைத்ததில்லை என்றார். எனக்கே பாவமாகிவிட்டது. அவர் சொன்னதைத் தமிழில் சொன்னேன்.

"தெரியும்மா" என்றார் ஆயம்மா, நேராக அவரையே பார்த்து. "அவரு அன்பாத்தான் எழுதுனாரு. நாங்களும் அன்பாத்தான் எழுதியிருக்கோம்."

அப்போது மணி பத்து. மேலே மலையிலிருந்து தாய்மார் இறங்கி வந்தார்கள். விருந்தாளிகள் போகும்வரை வரக்கூடாது என்று ஐயா சொல்லி அனுப்பியிருந்தாராம். ஒருத்திகூடக் கேட்கவில்லை. முன்னால் வந்தவள் சரோஜா. கூடையை வெளியில் இறக்கிவைத்துவிட்டு, வாசலில் நின்ற எல்லோரையும் கடந்து உள்ளே போய், தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, அந்த எழுத்துக்கு நேர் கீழே படியில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். மற்றவர்களும் வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். படி நிறைந்துவிட்டது.

இளைஞன் கமராவை எடுத்தான். பிள்ளைகளை மட்டும் பலகைக்குக் கீழே நிறுத்திப் படம் எடுக்க வேண்டும், தாய்மார் கொஞ்சம் விலகினால் நல்லது என்றான். நான் மொழிபெயர்த்ததும் ஆயம்மா தலையை ஆட்டினார்.

"அவங்க வெலகமாட்டாங்க. எடுக்கிறதுன்னா எல்லாரையும் எடுக்கச் சொல்லு."

அவன் எல்லோரையும் அடக்கப் பின்னால் நகர்ந்து பார்த்தான். பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் கான். அதற்குமேல் போக இடமில்லை. கமராவை உயர்த்தினால் பலகை படத்துக்குள் வந்தது, படியில் இருந்தவர்கள் பாதிக்குமேல் வெட்டுப்பட்டார்கள். இறக்கினால் ஆட்கள் எல்லோரும் வந்தார்கள், பலகை வரவில்லை. இரண்டும் ஒன்றாக வரவில்லை என்று அந்த அம்மாவிடம் சொன்னான். அந்த அம்மா பலகையை ஒரு தடவை பார்த்தார். படியில் இருந்தவர்களைப் பார்த்தார். பிறகு அவர்கள் மொழியில் அவனிடம் என்னவோ சொன்னார்.

"என்னா சொல்றாங்க?" என்று கேட்டார் ஆயம்மா.

எனக்கும் தெரியவில்லை. அவன் கமராவைப் படியில் இருந்தவர்கள் பக்கம் இறக்கினான்.